பூனை மேல் விழுந்த கொலைப்பழி

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் கை, கால், வாய் எல்லாம் நன்றாக ஓடும்படி இருக்கிறோம், அதிலும் வாய் கொஞ்சம் கூடுதலாகவே ஓடுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். விரலைத் தட்டினால் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இவ்வளவு நீளமாக எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அத்தையின் காதும் கூடவே வருகிறது கண்ணு. நான் மொட்டைமாடிக்குப் போனால் துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே வருகிறாள், கொல்லைப்புறம் போனால் குப்பை கொட்ட வருகிறாள். உன்னோடு பேசுவதில்லை என்று சபதம் போட்டவள், நீ என்ன பேசுகிறாய் என்று கேட்காமல் மட்டும் இருக்க மாட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் குறைந்தது தெரிந்தால் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று நொண்டிக்கொண்டே இருக்கிறார். துவைக்கும் மெஷின் மறுபடி குதிக்க ஆரம்பித்துவிட்டது, போன வாரம் குளியலறை வாசல்வரை நடந்து வந்து நின்றது. மற்றபடி சொல்ல ஒரே ஒரு சேதிதான், அது பெரிய சேதி.

நீ அன்றைக்கு நம் குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பினாயே, உன் விடுதித் தோழி போனில் அத்தையின் நாவலைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்று. "அத்தை, நீங்க உலகப் புகழ் ஆயிட்டீங்க!" என்று எழுதி, பத்துப் பொம்மை முகம் வேறு போட்டிருந்தாய். நீ சந்தோஷத்தில்தான் அனுப்பினாய், எனக்குத் தெரியும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அத்தை அப்போது நம் வீட்டு முன்னறைப் பார்லரில் ஒரு அம்மாவுக்குத் தலைக்கு டை போட்டுக்கொண்டிருந்தாள். பிரஷைக் கையில் பிடித்தபடியே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அண்ணி, இது என் புத்தகம் இல்ல, என் புத்தகத்தோட போட்டோ. பக்கம் பக்கமா யாரோ படம் எடுத்து ஊருக்கே அனுப்பியிருக்காங்க" என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் பிரஷை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். பார்லரில் ஒருத்தி தலையில் டை ஊறுகிற நேரம், ஒருத்தி முடி காய்கிற நேரம் என்று துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தில் எழுதியது அந்த நாவல். அறுபதை நெருங்குகிற வயதில் அவள் பெயர் முதல்முறையாக அச்சில் வந்தது. விற்காத கட்டுகள் அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. பதிப்பாளர் என்கிற அந்த 'நாளைக்கு' அண்ணன், அவரை எது கேட்டாலும் நாளைக்கு என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது, இந்தக் கட்டுகள் தீர்ந்தால்தான் இரண்டாவது நாவலைத் தொடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது நாவல் எழுதி முடித்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இதெல்லாம் நெஞ்சில் இருக்கும்போதுதான் அவள் உனக்கு, இது திருட்டு என்று எழுதினாள். அதற்கு நீ, "யாரும் காசுக்கு விக்கலையே அத்தை, சும்மா பகிர்ந்துக்கறது எப்படித் திருட்டாகும்?" என்று கேட்டாய். அவ்வளவுதான், குழுவை விட்டு விலகிவிட்டாள். நீ கேட்ட கேள்வி தப்பில்லை கண்ணு, கேட்ட நேரம்தான் தப்பு. வீடு பற்றி எரியும்போது நெருப்பு எப்படி உண்டாகிறது என்று பாடம் கேட்கலாமா.

உன் அப்பாவாவது சும்மா இருந்தாரா. கோர்ட்டில் காலமெல்லாம் சுருக்கெழுத்து எழுதிய மனுஷர், ஒரு சொல் இடம் மாறினால் அவருக்குப் பல் கூசும். "திருட்டுன்னா என்னம்மா? உன்கிட்ட இருந்த பொருள் உன்கிட்ட இல்லாம போகணும். உன் புத்தகம் எங்கயும் போகலையே, பெருகித்தானே இருக்கு" என்றார். இவள் விடவில்லை. "அண்ணா, நான் ஒருத்திக்கு முடி வெட்டறேன். வெட்டி முடிச்சப்புறம் கத்திரிக்கோல் என்கிட்டதான் இருக்கு, சீப்பு என்கிட்டதான் இருக்கு. அவ காசு குடுக்காம எழுந்து போயிட்டா, என் சாமான் எதுவும் போகலைன்னு நான் கையாட்டி வழியனுப்பணுமா?" என்றாள். நான் அடுப்படியிலிருந்து கை தட்டினேன். அப்பா கொஞ்சம் யோசித்து, அது கூலி தராமல் ஏமாற்றுவது, திருட்டு என்று எழுதினால் ஜட்ஜ் சிவப்பு மையால் அடித்துவிடுவார் என்றார். அதோடு, படித்தவர்கள் யாரும் அவள் நாற்காலியில் வந்து உட்காரவில்லை, ஆயிரம் பேர் படித்தாலும் அவள் ஒருமுறைதான் எழுதினாள், ஆயிரம் தலைக்கு ஆயிரம் முறை வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. நான் இப்படித்தான், கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். "பேரு எதுவா வேணா இருக்கட்டும், எனக்கு வலிக்குதே, அது பொய்யா?" என்றாள் அத்தை. அப்பா எழுந்து போய் அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நம் வீட்டில் மன்னிப்பு என்றால் அதுதானே.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. ஸ்டேஷன் ரைட்டர் மேஜையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "நான் ஒரு ரைட்டர்" என்று இவள் ஆரம்பித்தாள். "நானும் ரைட்டர்தாம்மா, என்ன காணோம் சொல்லுங்க" என்றார் அவர். "ஒண்ணும் காணோம் இல்ல, எல்லாம் வீட்லதான் இருக்கு" என்றாள் இவள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார், கூட வந்தவளாவது தெளிவாக இருக்கிறாளா என்று. நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். 'லிஃப்டில் வந்தவர் யார்?' என்ற தலைப்பைப் பார்த்ததும் மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "மேடம், இது நீங்க எழுதினதா! ராத்திரி பகலா படிச்சேன் மேடம், மச்சான் போன்ல அனுப்பினான். கடைசி அத்தியாயம் மட்டும் வரலை. வீட்டுக்காரரைக் கொன்னது யாரு மேடம்? பல் டாக்டர்தானே?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். யார் மேல் புகார் கொடுக்கப் போனோமோ, அவர்களில் ஒருவரே புகாரை எழுத உட்கார்ந்திருக்கிறார். உன் அத்தைக்குக் கோபப்படுவதா, பூரிப்பதா என்று தெரியவில்லை. முகம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியது. "புத்தகம் வாங்கிப் படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை திரும்பியதும், "ராத்திரி பகலா படிச்சாராம் அண்ணி" என்று மெதுவாகச் சொன்னாள். வீடு வருவதற்குள் இன்னும் நாலுமுறை சொன்னாள்.

கடைசி அத்தியாயம் வரவில்லை என்ற விஷயம் எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. அத்தை உடனே அந்தப் போட்டோக்களை யாரிடமோ கேட்டு வாங்கி, தன் புத்தகத்தையே திருட்டுப் பிரதியில் படிக்க ஆரம்பித்தாள். அப்படிப் படிக்கும்போதுதான் கண்டுபிடித்தாள். பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவளின் கட்டைவிரல் ஒவ்வொரு படத்திலும் ஓரமாக விழுந்திருக்கிறது. அந்த நகத்தில் இருந்தது செங்கல் நிறமும் கத்தரிப்பூ நிறமும் கலந்த ஒரு நெயில் பாலிஷ். அது எந்தக் கடையிலும் கிடைக்காது, உன் அத்தை இரண்டு பாட்டிலைக் கலந்து தானே செய்தது. அதை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் போடுகிறாள். நம் தெருமுனை மருந்துக்கடைக்காரம்மாவுக்கு! எத்தனை வருஷத்துச் சிநேகிதி, உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் கடையை மூடிவிட்டு மாத்திரையோடு ஓடி வருகிறவள். எனக்குப் பகீரென்றது. அத்தையோ டை போட அவள் வருகிற நாள்வரை காத்திருந்தாள். வந்ததும் சிரித்துப் பேசி, உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, தலை முழுக்க டை பூசி, இனி எழுந்து ஓட முடியாது என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்தப் படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி, "இந்த விரல் யாருதும்மா?" என்று கேட்டாள். நாவலில் துப்பறிகிறவர்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

மருந்துக்கடைக்காரம்மா மறைக்கவில்லை. அவளுடைய அக்கா எங்கோ கண்காணாத தேசத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். நம் மொழியில் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்க முடியாத இடம். போன் செய்தால் அழுகைதான். "உங்க புத்தகத்தைக் காசு குடுத்துத்தான் வாங்கினேன். ஒவ்வொரு பக்கமா படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கடைசியில போன்ல இடமில்லாம நின்னுபோச்சு, அது எனக்கே தெரியாது. எத்தனையோ வருஷம் கழிச்சு என் அக்கா போன்ல சிரிச்சா. அது திருட்டுன்னா, சரி, நான் திருடிதான்" என்றாள். அக்கா தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அனுப்ப, அவர்கள் அவரவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, அப்படியே சுற்றி உன் விடுதிவரை வந்திருக்கிறது. "புத்தகத்தையே அக்காவுக்கு அனுப்பியிருந்தா நான் ஏன் கேட்கப் போறேன்? உன்கிட்டயும் இருக்கு, அவகிட்டயும் இருக்கு, ஊர்லயும் இருக்கு, அது எப்படிம்மா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் அத்தை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்ததாக அவள் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் அழுது முடித்திருப்பார்கள். ஆனால் அந்த அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருக்கிற பத்திரிகைப் படங்களைக் காட்டினாள். "அந்தக் கொண்டை, அந்தச் சுருட்டை, அந்த முன்முடி, இதெல்லாம் யாரோ கண்டுபிடிச்சதுதானே? அவங்ககிட்ட நீங்க கேட்டுட்டா எங்க தலையில போடறீங்க?" என்றாள். "அது வேற" என்றாள் அத்தை. எப்படி வேறு என்று கேட்டதற்கு, "வேறன்னா வேறதான்!" என்றாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா, முழங்கால் வலியை மறந்து துள்ளி எழுந்து, சபாஷ் என்றார். நல்லவேளை, அவருக்கு நடக்க வரும் என்பதை அன்றைக்கே பிடித்துவிட்டேன்.

இந்த வழக்கு நடந்த நேரத்தில் தலையில் டை ஊறிக்கொண்டே இருந்ததை எல்லோரும் மறந்துபோனோம். கழுவிப் பார்த்தால் முடி நாவல்பழ நிறத்தில் மின்னுகிறது! அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்துக்கடைக்காரம்மா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, என் கடைக்குள்ள என்னைத் தேட வேண்டியதில்ல" என்றாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது, நாங்கள் மூன்று பேரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கோபம் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. செய்தது தப்புதான் என்று அத்தை அப்போதும் சொன்னாள், இப்போதும் சொல்கிறாள். ஆனால் அன்று சாயங்காலமே அந்த அக்காவுக்குத் தானே போன் போட்டாள். கடைசி அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பெரியவருக்கு நம் மொழி ஒரு சொல் தெரியாதாம், ஆனாலும் இவள் சிரிக்கிறாள் என்று அவரும் சிரித்தாராம். போனை வைத்துவிட்டு அத்தை வெகுநேரம் சீப்புகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சுத்தமாக இருந்த சீப்புகளைத்தான்.

அத்தோடு முடிந்தது என்று பார்த்தால் அதற்கப்புறம்தான் வேடிக்கையே. கடைசி அத்தியாயம் கிடைக்காதவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு முடிவு எழுதிச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். ஒன்றில் பல் டாக்டர் கொலைகாரர், ஒன்றில் செத்துப்போன வீட்டுக்காரர் சாகவே இல்லை, இன்னொன்றில், கதையில் மூன்றாம் மாடியில் இருக்கிற வெள்ளைப் பூனை! பூனைதான் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக் கொன்றுவிட்டது என்று ஒருவர் எழுதி, அதுதான் உண்மையான முடிவு என்று ஊரே நம்ப ஆரம்பித்துவிட்டது. உன் அத்தை ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. "எடுத்தது கூடப் போகட்டும் அண்ணி, ஒரு பாவமும் அறியாத பூனை மேல கொலையைப் போட்டுட்டாங்களே! அது சாப்பிடறதுக்கே சோம்பல்படற பூனைன்னு நான் எழுதியிருக்கேனே, ஒருத்தரும் கவனிச்சுப் படிக்கலையா?" என்று வீடெல்லாம் நடந்தாள். அப்பாதான் யோசனை சொன்னார், கடைசி அத்தியாயத்தை நீயே எல்லோருக்கும் முன்னால் படித்துவிடு, பூனை விடுதலையாகட்டும் என்று. பார்லர் விடுமுறை நாளில் சாயங்காலம் என்று முடிவானது, போட்டோ சுற்றிய அதே வழியில் இந்தச் சேதியும் சுற்றியது.

பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்து நான் பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன். வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை கண்ணு. முடி காயவைக்கிற மெஷினுக்கு அடியில் இரண்டு பேர், தலை கழுவுகிற தொட்டியின் விளிம்பில் ஒருத்தர், வாசற்படியில், ஜன்னலில், தெருவில். ஸ்டேஷன் ரைட்டர் சீருடை இல்லாமல் மனைவியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மருந்துக்கடைக்காரம்மா அந்த நாவல்பழத் தலையோடு டீ கொடுத்தாள். 'நாளைக்கு' அண்ணன்கூட வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பூனை முடிவை எழுதியவரும் வந்திருந்தார், நெடுநெடு என்று உயரமான ஒரு பஸ் டிரைவர். குற்றவாளிபோல் மூலையில் நின்று, தானே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டார். "பூனைக்குப் பொத்தான் எப்படிங்க எட்டும்?" என்று அத்தை அதட்டினாள். "தாவும் மேடம்" என்றார் அவர். ஒரே கொல்லென்ற சிரிப்பு. பிறகு அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் பக்கத்தை வேகவேகமாக ஒப்பித்தாள். ஆனால் கொலைகாரரின் பெயரைச் சொல்லுகிற இடம் வந்தபோது அவள் நிறுத்திவிட்டு, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள் பார், இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் பார்க்காத பார்வை அது. பெயரைச் சொன்னதும் எழுந்த கூச்சலில் தெரு நாய்கள் எழுந்து குரைத்தன. நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று ரைட்டரின் மனைவி ரைட்டரைக் குத்தினாள்.

முடிந்ததும் அந்த பஸ் டிரைவர் முன்னால் வந்து, தன் டெப்போவில் இந்த நாவலைப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக இந்த அத்தியாயத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அத்தை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "முடியாது!" என்றாள். மறுப்புச் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே, சரி மேடம் என்று ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். டெப்போவில் கையோடு கை மாறிப் படித்துக்கொள்வார்களாம், அதற்கு அத்தைக்கு ஆட்சேபம் இல்லையாம். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்பா கேட்க வாயெடுத்தார், நான் அவர் காலை மிதித்தேன். எல்லாக் கட்டும் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, கட்டிலடியில் இன்னும் இருக்கிறது, பெருக்கும்போது இன்னமும் இடிக்கிறது. வந்த பாதிப் பேர் முடிவைத் தெரிந்துகொண்டு வெறுங்கையோடுதான் போனார்கள். இரண்டாவது நாவலைப் படித்துப் பார்க்கிறேன் என்று 'நாளைக்கு' அண்ணன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், அச்சுக்குப் போகுமா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அத்தை மூன்றாவதை ஆரம்பித்துவிட்டாள். அதிலும் அந்தப் பூனை வருகிறதாம்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். இது திருட்டா இல்லையா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா சொல்கிற மாதிரி அந்தச் சொல் பொருந்தாமல் இருக்கலாம். அந்த அக்கா சிரித்த சிரிப்பைக் கேட்ட பிறகு அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் ஒருத்தி உழைப்பு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அவளுக்கு மட்டும் கடைசியில் தெரியவந்தால், அவளுக்கு இருக்கிற வலியை ஒன்றுமில்லை என்று சொல்லவும் வரவில்லை. நீ அவளை ஜெயிக்க வேண்டாம். உன் அத்தைக்கு உன் மேல் கோபம் போய் எத்தனையோ நாளாகிறது. நீயாக முதலில் பேச வேண்டும் என்ற வீம்புதான் மிச்சம். நீ ஊருக்கு வரும்போது கையில் கொடுக்க வேண்டும் என்று உன் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரதியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நேற்றுக்கூட, "அவளுக்கு இன்னும் கொலைகாரன் யாருன்னு தெரியாதில்ல அண்ணி?" என்று எதையோ தேடுகிற மாதிரி கேட்டுவிட்டுப் போனாள். எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். மருந்துக்கடைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பஸ் டெப்போவுக்கும் தெரியும். நாங்கள் யாரும் உனக்குச் சொல்வதாக இல்லை. அவளுக்குப் போன் பண்ணிக் கேள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நாலு பேர் வாழ்த்த நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வந்ததை அவளிடம் சொல்லிவிடாதே, உனக்கே தோன்றிக் கூப்பிட்டதாக இருக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா

(அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, திருட்டு என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் மேற்கோள் குறி போடச் சொல்கிறார். போடவில்லை.)